கிளச் மிதியில் ஒரு அங்குலம்

"ஜனவரி 4. காலை 7.20. மூடுபனி, பத்து மணிக்கு விலகியது. ஜீப்பின் கியர்பெட்டியை இறக்கும் வேலை ஆரம்பம். சாட்சி: இல்லை."

என் கொப்பியில் இந்த வருஷத்தின் இரண்டாவது பதிவு இது. முதல் பதிவு, புதுவருஷத்தன்று குழாயில் தண்ணீர் வரவில்லை என்பது. அதற்கும் சாட்சி இல்லை.

சாட்சிக்கு ஒரு பத்தி ஒதுக்கும் பழக்கம் வேலையிலிருந்து ஒட்டிக்கொண்டது. நோர்வூட்டுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஒபீசில் முப்பத்தொரு வருஷம் கிளாக்கராக இருந்தேன். மலையில் ஒருவர் வழுக்கி விழுந்தாலும், தேயிலை அரைக்கும் ஸ்டோரில் ஒருவருடைய விரல் நசுங்கினாலும் அதற்கு ஒரு படிவம் இருந்தது. திகதி, நேரம், இடம், நடந்தது, சாட்சி. ஐந்தாவது பத்தி வெறுமையாக இருந்தால் அந்தப் படிவம் திரும்பி வந்துவிடும். ஓய்வு பெற்ற பிறகும் என் சொந்தக் கொப்பிகளை அப்படியே ஐந்து கோடு போட்டுத்தான் எழுதி வருகிறேன். பழைய கொப்பிகளில் கடைசிப் பத்தி பெரும்பாலும் ஒரே ஆள்தான். "சமையலறையில் பாம்பு. சாட்சி: மனைவி." "பின்பக்கக் கல்மதில் சரிந்தது. சாட்சி: மனைவி, சத்தம் மட்டும் கேட்டவர்."

அவள் முழங்கால் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்குப் போனது போன வருஷத்துக்கு முந்திய வருஷம் ஒக்டோபரில். அதன்பிறகு வத்தளையில் மகள் வீட்டில் தங்கிவிட்டாள். எங்கள் ஜீப் படுத்ததும் அதே மாதம்தான். தோட்டம் கழித்துவிட்டபோது நான் வாங்கிய பழைய பெட்ரோல் ஜீப் அது. இரண்டாம் கியர் போட்டால் தானாக நழுவி வெளியே வரும். மேட்டில் கிளச் பிடிக்காது; எஞ்சின் கத்தும், வண்டி நிற்கும்.

எங்கள் வீடு இருக்கும் இடத்தைச் சொல்லாமல் இது விளங்காது. நோர்வூட் கடைவீதியிலிருந்து தோட்டத்து ரோட்டில் முக்கால் மைல் மேலே, எட்டுப் பேர்ச் காணி. பாதி வழியில் ஒரு கோயில் வளைவு. த்ரீவீலர்கள் அதுவரைக்கும் வரும். அதற்கு மேல் கல் பாவிய ரோடு, நடுவில் மழை அரித்த வாய்க்கால், ஒரே ஏற்றம். த்ரீவீலர்க்காரர்கள் வளைவில் இறக்கிவிட்டு, "இனி நீங்க பாத்துக்குங்க" என்று திரும்பிவிடுவார்கள். நல்ல கால் இருப்பவர்களுக்கு அங்கிருந்து இருபத்தைந்து நிமிஷம்.

டிசம்பரில் ஒருநாள் தொலைபேசியில், எப்போது வருகிறாய் என்று வழக்கம்போல் கேட்டேன்.

"நடந்து ஏற முடியாதுங்க. அது ஒங்களுக்கே தெரியும்."

"வண்டிய செஞ்சிட்டா?"

அந்தப் பக்கத்தில் மகள் வீட்டு டீவியின் சத்தம் குறைந்தது.

"வண்டி ஏறுனா வர்றேன்," என்றாள்.

அதையும் எழுதி வைத்திருக்கிறேன். டிசம்பர் 11, மாலை 6.40.

*

ஹட்டனில் ஒரு கராஜ் இருக்கிறது. ஆனால் ஜீப்பை அங்கே கட்டி இழுத்துப் போக வேண்டும், அவர்கள் சாமான் கிடைக்கவில்லை என்று நாலு மாதம் வைத்திருப்பார்கள். நான் எஞ்சின் வேலை பழகியவன் இல்லை. ஆனால் ஒபீசுக்குப் பின்னால்தான் கராஜ் இருந்தது, முப்பது வருஷம் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். ஜீப்போடு வந்த ஆங்கிலக் கைநூலும் என்னிடம் இருந்தது. தடித்த நாவல்களை மூன்று நாளில் முடிக்கிறவன், இந்த நூற்றிருபது பக்கத்தை மூன்று வாரம் வாசித்தேன். சுருக்கமான, நல்ல நடை. ஒரு சொல் மட்டும் மனதைக் குத்தியது. "உதவியாளர் மிதியை அழுத்திப் பிடிக்க." "உதவியாளர் பின்பக்கத்தைத் தாங்க." எண்ணிப் பார்த்தேன். அந்த உதவியாளர் பதினொரு இடத்தில் வருகிறார்.

உதவிக்கு ஆள் இல்லாத ஊர் இல்லை இது. நூறு யார் தூரம் கீழே தோட்டத் தொழிலாளரின் லயம். ஒரு சத்தம் போட்டால் நாலு பேர் வருவார்கள். அதுதான் சிக்கலும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், ஒபீஸ் உத்தியோகத்தர் வீட்டுத் தோட்டத்தைத் தோட்டத்து ஆட்களே கொத்திக் கொடுப்பது வழக்கம். அன்றைக்கு அவர்கள் மலையில் புல்லு வெட்டியதாகச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் விழும். ஒரு நாள் வேலையை இங்கே "ஒரு பேர்" என்பார்கள். அந்தப் பேரைப் போட்டவன் நான். என் கரட் பாத்தியைக் கொத்தியவர்களுக்கு மலை வேலை என்று என் கையால் எழுதினேன். எல்லோரும் செய்தார்கள், நானும் செய்தேன். ஓய்வு பெற்ற அன்று, இனி லயத்திலிருந்து எவரையும் என் வீட்டு வேலைக்குக் கூப்பிடுவதில்லை என்று முடிவு எடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கொப்பியில் மட்டும் இருக்கிறது.

ஆகவே தனியாகத்தான். மூன்று டர்பன்டைன் மரக் கம்புகளை முக்காலியாகக் கட்டி, இரவல் வாங்கிய, பாரம் தூக்கும் செயின் புளொக்கைத் தொங்கவிட்டேன். சீட்டுகளையும் தரைத் தகடுகளையும் கழற்றினேன். கியர்பெட்டி இருக்கையின் இடத்தில் வெளியே தெரிந்தபோது, அது நான் நினைத்ததைவிடச் சிறியதாக இருந்தது. தூக்கினால் பெரியது.

தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி தினமும் மூன்று தடவை வாசலைத் தாண்டிப் போகும். டிரைவருக்கு நாற்பது வயது இருக்கும். வேகத்தைக் குறைத்து, ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு ஏதாவது சொல்லாமல் போகமாட்டான்.

"என்னாங்க கிளாக்கரய்யா, பிரசவம் பாக்குறீங்களா? ஆம்புளப் புள்ளயா பொம்பளப் புள்ளயா?"

"கியர்பொக்ஸ்."

"ரெட்டையா இருந்துறப் போவுது. நா ஒரு கை புடிக்கவா?"

"வேணாம்ப்பா. நீ போ, கொழுந்து வாடிரும்."

"பயப்படாதீங்கய்யா. அரைப்பேர்கூடப் போட வேணாம்."

சிரித்துக்கொண்டே கியரைத் தட்டிப் போய்விட்டான். என் கரட் பாத்தியைக் கொத்தியவர்களில் அவனுடைய அம்மாவும் ஒருத்தி. அவனுக்கு அது தெரியும் என்று நான் நினைக்கிறேன். அவன் சொன்னது வெறும் பகிடியாகவும் இருக்கலாம்.

*

ஜனவரி நடுவில் கியர்பெட்டியைச் சமையலறை மேசைக்குக் கொண்டுவந்தேன். வெளியே குளிரில் விரல் மடங்கவில்லை. கழற்றும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு துண்டுக் கடதாசியில் எண்ணும் திகதியும் எழுதிச் சேர்த்துக் கட்டினேன். சின்னச் சாமான்கள் உருண்டு ஓடின. அவை வரிசை மாறாமல் இருக்க என்ன செய்யலாம் என்று தேடியபோது இட்லித் தட்டு கண்ணில் பட்டது. பதினைந்து மாதமாக யாரும் தொடாத தட்டு. ஒவ்வொரு குழியிலும் ஒரு வகை: ஒன்றில் வளையங்கள், ஒன்றில் பூட்டு ஊசிகள், ஒன்றில் பேரிங்கின் மெல்லிய உருளைகள். பார்க்க நன்றாகவே இருந்தது.

உருளைகள் இருபத்திரண்டு இருக்க வேண்டும். இருபத்தொன்றுதான் இருந்தன. இரண்டு நாள் தேடினேன். மூன்றாம் நாள், சட்டை கைமடிப்பை விரித்தபோது தரையில் டிங் என்று விழுந்தது. நான் சத்தமாக "இந்தா இருக்கு!" என்றேன். வீட்டில் யாரும் "எங்க?" என்று கேட்கவில்லை. அதைக் கிரீஸில் ஒட்டிவைத்துவிட்டு, அன்று வேலையை நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாம் கியர் நழுவியதற்குக் காரணம் தெரிந்தது. பற்களின் முனை தேய்ந்து, பொக்கை வாய்போல் வழவழவென்று இருந்தது. கிளச் பிளேட் ஆணி தெரியும்வரை தேய்ந்திருந்தது. ஹட்டன் சாமான் கடையில் இரண்டுக்கும் சொல்லிவைத்தேன். கடைக்காரர் சிங்களவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். பழைய பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாத்தயா, தனியமத கரன்னே?" என்றார். தனியாகவா செய்கிறீர்கள் என்ற கேள்வி. ஆமென்றேன். சாமான் வந்த அன்று, எண்ணெய் கசியாமல் இடையில் வைக்கும் கடதாசி கெஸ்கட் நான் ஒன்று கேட்க, இரண்டு வைத்துக் கொடுத்தார். தனியாகச் செய்தால் ஒன்று கிழியும் என்றார். கிழிந்தது.

கிளச் பிளேட்டைப் பூட்டும்போது அதன் நடுத்துளை சரியாக நடுவில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கியர்பெட்டியின் தண்டு உள்ளே போகாது. அதற்கு ஒரு கருவி உண்டு. என்னிடம் இல்லை. கவாத்து வெட்டிய மலையிலிருந்து ஒரு தேயிலைத் தண்டை எடுத்துவந்து, கத்தியால் சீவி, பழைய துளைக்குப் பொருத்தமாகத் தேய்த்தேன். தேயிலைக் கட்டை இரும்புபோல் இருக்கும், ஒரு மாலை முழுவதும் பிடித்தது. கியர்பெட்டியின் தண்டு முதல் தடவையிலேயே உள்ளே போனது. அந்தப் பெருமை எனக்கு இன்னமும் இருக்கிறது.

மிச்சமிருந்தது மிதியைச் சரிசெய்வது மட்டும். தவறு நடந்தது அங்கேதான்.

கிளச் மிதியிலிருந்து ஒரு கம்பி கீழே போகிறது. அதன் முனையில் ஒரு நட். நட்டைத் திருகினால் கம்பி நீளும், குறையும். மிதியை அழுத்தும்போது முதல் ஒரு அங்குலம் பாரமே இல்லாமல் சும்மா இறங்க வேண்டும். அந்தச் சும்மா இறங்கும் இடம் இல்லாவிட்டால், காலை எடுத்த பிறகும் கிளச் பாதி அழுத்தப்பட்டபடியே இருக்கும். சமதரையில் ஓடும், மேட்டில் வழுக்கும். கைநூல் இந்த இடத்திலும் உதவியாளரைக் கேட்கிறது. ஒருவர் மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே படுத்துத் திருக வேண்டும். நான் ஒரு கட்டையை வெட்டி, மிதிக்கும் இருக்கைச் சட்டத்துக்கும் இடையில் முட்டுக் கொடுத்தேன். கட்டை கால் அல்ல. அது மிதியைத் தரைவரை தள்ளவில்லை, முக்கால் பங்குதான் தள்ளியது. அந்த ஆழத்தில் கிளச் பிடியை விடவில்லை. விடும்வரைக்கும் நான் நட்டைத் திருகினேன். கீழே குறைந்ததை ஈடுகட்ட, மேலே இருந்த ஒரு அங்குலத்தைத் தின்றுவிட்டேன். அப்போது இது எனக்குத் தெரியாது.

"பெப்ரவரி 20. மாலை 4.15. பின்சக்கரங்களைத் தூக்கி வைத்து நாலு கியரும் போட்டுப் பார்க்கப்பட்டது. சரி. சாட்சி: இல்லை."

காற்றில் சுற்றும் சக்கரத்துக்கு மேடும் இல்லை பள்ளமும் இல்லை. ஆனாலும் அன்று மாலையே அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"வண்டி சரி."

"ஏறுச்சா?"

"ஏறும்."

"ஏறுச்சாங்க?"

"நாலு கியரும் விழுது. நாளன்னிக்கு வா. காலயில பொகவந்தலாவ பஸ்ஸுல ஏறு, நோர்வூட்ல நா நிக்கிறேன்."

அடுத்த நாள் முழுவதும் என்னிடம் இருந்தது. கோயில் வளைவு வரை இறக்கி, திருப்பி ஏற்றிப் பார்க்க அரை மணி நேரம் போதும். நான் செய்யவில்லை. வீட்டைக் கூட்டினேன், தண்ணீர் தொட்டியைக் கழுவினேன். மழை தூறியது என்று கொப்பியில் எழுதியிருக்கிறேன். தூறியது உண்மைதான், ஆனால் அது காரணம் அல்ல. ஏற்றிப் பார்த்து ஏறாவிட்டால் அவளிடம் சொல்ல வேண்டும், சொன்னால் அவள் வரமாட்டாள். அவள் பஸ் ஏறிய பிறகு ஏறாமல் போனால், அவள் எப்படியும் வந்திருப்பாள். அப்படித்தான் யோசித்தேன். அறுபத்தாறு வயதில்.

*

பெப்ரவரி 22. ஜீப் இறக்கத்தில் உருண்டு, இரண்டாம் கியரில் தும்மி, ஸ்டார்ட் ஆனது. கியர் நழுவவில்லை. முக்கால் மைலும் வெண்ணெய்போல் இறங்கியது. மேலே வீடு கட்டியவர்களுக்கு எந்தப் பயணமும் இறக்கத்தில்தான் ஆரம்பிக்கும். வண்டி எப்போதும் முதலில் நல்ல பேர் வாங்கிவிடும்.

அவள் பஸ்ஸிலிருந்து பக்கவாட்டில், ஒவ்வொரு படியாக இறங்கினாள். கையில் ஒரு சின்னப் பை. அதைவிடப் பெரிய பையை நான் எதிர்பார்த்திருந்தேன்.

"மெலிஞ்சிட்டீங்க," என்றாள். பிறகு ஜீப்பைச் சுற்றிப் பார்த்து, "இதுவும் மெலிஞ்ச மாதிரித்தான் இருக்கு."

கோயில் வளைவு வரை வந்தோம். அதற்கு மேல் இருநூறு யார் போயிருப்போம். எஞ்சின் சத்தம் ஏறியது, வண்டி ஏறவில்லை. கருகிய வாசம். நின்றுவிட்டது. பின்னால் உருளப் பார்த்தது, பிரேக்கை இறுக்கி மிதித்தேன். ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்ப முடியாது.

எங்கள் பக்கத்தில் ஜீப் வைத்திருப்பவர்கள் சீட்டுக்கடியில் ஒரு ஆப்புக்கல் வைத்திருப்பார்கள். மேட்டில் வண்டி நின்றால், டிரைவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பார், பக்கத்தில் இருப்பவர் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்கு அடியில் கல்லை வைப்பார். எங்கள் ஜீப்பில் அந்த வேலை எப்போதும் அவளுடையது. நான் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிடுவாள். இப்போது நான் காலை எடுக்க முடியாது, அவள் குதிக்க முடியாது.

"நா வைக்கிறேன்," என்றாள்.

"முடியுமா?"

"வேற யாரு இருக்கா?"

கதவைப் பிடித்து, ஒரு காலை ஊன்றி, அடுத்த காலைத் தேடி இறங்கினாள். கல்லை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். கண்ணாடியில் அவள் தலை மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. நேரத்தைப் பார்த்தேன், பழக்கம். நாலு நிமிஷம் ஆனது.

"வச்சாச்சு. மத்தப் பக்கமும் ஒரு கல்லு வச்சிருக்கேன். ஒங்க வேலய நம்ப முடியாது."

அதே நேரம் மேலிருந்து கொழுந்து லொறி வந்து எங்கள் முகத்துக்கு நேரே நின்றது. வழியில்லை. டிரைவர் எட்டிப் பார்த்தான்.

"அம்மா வந்துட்டீங்களா! ஐயா கூட்டிட்டு வர்றாருன்னு பாத்தா, நடுரோட்டுல குடிவச்சிட்டாரே!"

"ஒங்க ஐயா நாலு கியரும் விழுதுன்னாரு. வண்டியும் சேந்து விழும்னு சொல்லல," என்றாள் அவள்.

அவன் கயிறு இருக்கிறது, கட்டி லொறியைப் பின்னால் எடுத்து இழுக்கிறேன், மலையில் கூப்பிட்டால் நாலு பேர் வருவார்கள் என்றான். நான் பதில் சொல்வதற்குள் அவள், "கொஞ்சம் பொறுப்பா," என்று என்னை இறங்கச் சொல்லி, என் இருக்கையில் ஏறி உட்கார்ந்து கிளச் மிதியை அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள்.

"என்னாங்க இது, தொட்டவொடனே கனக்குது? முந்தி இப்பிடி இல்லியே. சும்மா கொஞ்சம் எறங்கும், பொறவுதான் கனக்கும்."

அவள் வண்டி ஓட்டியவள் அல்ல. ஜீப் ஓடிய காலத்தில் நான் கீழே படுத்திருக்க, எத்தனையோ தடவை எனக்காக அந்த மிதியை அழுத்தியவள். முட்டுக் கொடுத்த கட்டை எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பின்சீட்டில்தான் கிடந்தது.

கீழே ஊர்ந்து போனேன். அவளுடைய இடது கால், நல்ல கால், மிதியில்.

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"கொஞ்சம். நெல்லு மொன அளவு."

"இப்ப?"

"எறங்குது. இன்னுங் கொஞ்சம் விடுங்க... ஆங். போதும்."

"எவ்வளவு இருக்கு?"

"ஒரு இஞ்சு இருக்கும்."

"இருக்குமா, இருக்கா?"

"இருக்குங்க. காலுக்குத் தெரியாதா? வெளிய வாங்க, கொழுந்து வாடுது."

லொறி டிரைவர் இறங்கிவந்து, நான் கேட்காமலேயே இரண்டு கல்லையும் எடுக்கத் தயாராகக் குனிந்து நின்றான். வேண்டாம் என்று இந்தத் தடவை நான் சொல்லவில்லை. ஜீப் ஒரு குலுக்கு குலுக்கி, பிடித்து, ஏறியது. கருகிய வாசம் வீடு வரை கூடவே வந்தது.

சமையலறையில் நுழைந்ததும் அவள் இட்லித் தட்டைத்தான் பார்த்தாள். குழி குழியாகக் கிரீஸ். அடுப்புச் சாம்பலும் தேங்காய்த் தும்பும் எடுத்து உட்கார்ந்தாள்.

பத்தொன்பது இரவு இருந்தாள். அந்த நாட்களுக்குக் கொப்பியில் பதிவு மிகக் குறைவு. ஜீப் ஏறியது, மேடு இனி ஒரு காரணம் இல்லை. ஆனால் குளிர் இருந்தது. விடியற்காலையில் முழங்காலைப் பிடித்தபடி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருப்பாள், வலிக்கிறதா என்றால் இல்லை என்பாள். மார்ச் 13ஆம் திகதி, கிளினிக் நாளுக்காகக் கீழே இறக்கிவிட்டேன். சித்திரைப் புதுவருஷத்துக்கு வருவதாகச் சொன்னாள். வரவில்லை. வைகாசி என்கிறாள் இப்போது. நான் வற்புறுத்துவதில்லை. ஏறினால் வருகிறேன் என்றாள், வந்தாள்; தங்குகிறேன் என்று அவள் சொன்னதாக எந்தத் திகதியிலும் பதிவு இல்லை.

அந்த மார்ச் 13 அன்று, பஸ் போன பிறகு நான் தனியாகத் திரும்பினேன். ஜீப் கோயில் வளைவைத் தாண்டி, நின்ற இடத்தைத் தாண்டி, திணறாமல் ஏறியது. வீட்டுக்கு வந்து பெப்ரவரி 22இன் பதிவை எடுத்து, விட்டுப்போன ஒரு வரியைச் சேர்த்தேன்.

"கிளச் மிதியின் தளர்வு: ஒரு அங்குலம். சாட்சி: மனைவி, காலால் அறிந்தது. அடிமட்டக் கோல் வைத்து அளந்து இன்னும் சரிபார்க்கப்படவில்லை."

அடிமட்டம் மேசை லாச்சியில்தான் இருக்கிறது.